பகலில் ஒளியும் மீன்: கொழும்பு வீட்டுத் தொட்டியில் ஓடைக் கெளிறு

கொழும்பு மீன் கடைகளில் கெளிறு வாங்கப் போனால் விலையோடு சேர்த்து ஓர் உத்தரவாதமும் கிடைக்கும். "இது சாகாது அண்ணா, எந்தத் தண்ணியிலயும் கிடக்கும்" என்பார்கள். அந்தப் பேச்சு வெறும் வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. மட்டக்களப்புப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சுங்கான் என்ற கெளிறைத் தெரியும். குளம் வற்றிச் சேறான பிறகும் உயிரோடு கிடக்கும் மீன் அது. சட்டியில் ஒரு விரற்கடைத் தண்ணீர் இருந்தால் போதும், மணிக்கணக்கில் நெளிந்துகொண்டிருக்கும். செவுள் அறையிலிருந்து வால் பக்கமாக நீளும் இரண்டு காற்றுப் பைகள் அதன் உடலுக்குள் இருக்கின்றன. நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை எடுத்து, அந்தப் பைகளால் சுவாசிக்கிறது. இலங்கைக்கே உரிய கிளாரியஸ் பிராக்கிசோமா என்ற பெரிய கெளிறுக்கும் செவுளுக்கு மேலே கிளை கிளையான ஒரு சுவாச உறுப்பு உண்டு.

ஓடையில் வாழும் சிறு கெளிறுகளுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன்தான் அவற்றுக்கு மூச்சு. மீசையைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒரே சாதி என்று நினைப்பதால், சுங்கானுக்குப் பொருந்தும் பேச்சை இவற்றின் தலையிலும் ஏற்றிவிடுகிறோம். அப்புறம் ஒரு மாதத்தில் மீன் காணாமல் போகிறது. பகலில் எப்படியும் கண்ணில் படாத மீன் என்பதால், செத்ததைக்கூடப் பலர் உடனே கவனிப்பதில்லை. என் கணிப்பில், கொழும்பு வீடுகளில் இவற்றைக் கொல்லும் காரணங்களில் பட்டினியும் மூச்சுத் திணறலும்தான் முன்னே நிற்கின்றன. இரண்டும் நடப்பது இரவில், வீடு தூங்கும் நேரத்தில். அதனால் இந்த மீனுக்குத் தொட்டி வைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது, அந்தத் தொட்டியில் இரவு எப்படிக் கழிகிறது என்பதைத்தான்.

எந்த மீன்களைச் சொல்கிறேன் என்று தெளிவாக்கிவிடுகிறேன். இலங்கை ஓடைகளின் சிறு கெளிறுகள் மிஸ்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. நம் வாசலுக்குப் பக்கத்தில் வாழும் இந்த மீன்களை அறிவியல் உலகமே அண்மையில்தான் பிரித்தறிந்தது. தென்மேற்கு ஈரவலயத்தில் வாழும், விரல் நீளமே உள்ள அங்குட்டாவுக்கு மிஸ்டஸ் அங்குட்டா என்ற பெயர் கிடைத்தது 2008இல். ரொஹான் பெத்தியாகொட, அஞ்சன சில்வா, கலன மதுவகே ஆகிய மூவரும் அதை விவரித்தார்கள். 2013இல் மிஸ்டஸ் சீலானிகஸ் வந்தது. இந்தியாவின் வரிக் கெளிறும் நம்முடையதும் ஒன்றே என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 2016இல் நம்முடையதைத் தனி இனமாகப் பிரித்து மிஸ்டஸ் நானஸ் என்று பெயரிட்டார்கள். பத்து ஆண்டுக்குள் மூன்று புதிய பெயர்கள். இனமே இப்போதுதான் தெரியவந்திருக்கிறது என்றால், கடையில் கண்ணாடிக்குள் நிற்கும் மீன் எது, எந்த ஓடையிலிருந்து வந்தது என்பதெல்லாம் விற்பவருக்கும் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை வாங்குபவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மிஸ்டஸ் கூலியோ என்ற கெளிறு களப்பிலும் கழிமுகத்திலும் வாழ்வது, ஓர் அடிக்கு மேலும் வளரக்கூடியது. குஞ்சாக இருக்கும்போது அதை ஓடைக் கெளிறென்று நினைத்து வாங்கிவிடுவது எளிது. உடலில் வரி இல்லாமல் மொத்தமாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால், எங்கே பிடித்தது என்று கேளுங்கள். களப்புப் பக்கம் என்று பதில் வந்தால் விட்டுவிடுவது நல்லது. இறக்குமதிக் கெளிறுகளில் ஹாரா ஜெர்டோனி என்று ஒன்று உண்டு. மீனியலாளர் பிரான்சிஸ் டே 1870இல் விவரித்தது, பங்களாதேசத்தின் சில்ஹெட் பக்கத்து ஓடைகளைச் சேர்ந்தது, சருகோடு சருகாகக் கிடக்கும் அழகான குட்டி மீன். ஆனால் 20 பாகையை ஒட்டிய குளிர்ந்த நீருக்குப் பழகியது. நாள் முழுவதும் ஏசி ஓடாத கொழும்பு வீட்டில் அதை வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

சரி, இரவுக்கு வருவோம். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் இங்கே ஒரு மணிநேர வித்தியாசம்கூட இல்லை. ஆகவே ஓடையில் இருக்கும் கெளிறுக்கு எந்த மாதமானாலும் ஏறக்குறைய 12 மணிநேர இருட்டு உறுதி. அந்த நேரத்தில்தான் அது இரை தேடுகிறது. இனி வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாடிவீட்டை நினைத்துப் பாருங்கள். தொட்டி இருப்பது ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். சீரியல், செய்தி, சாப்பாடு எல்லாம் முடிந்து ஹால் விளக்கு அணையப் பதினொன்று, பதினொன்றரை ஆகும். காலை ஐந்துக்குக் குசினியில் வெளிச்சம் வந்துவிடும். நடுவில் யன்னல் வழியாகத் தெருவிளக்கு. ஓடையில் 12 மணிநேரம் கிடைத்த இருட்டு வீட்டில் ஐந்து, ஆறு மணிநேரமாகச் சுருங்கிவிடுகிறது, அதுவும் அரைகுறை இருட்டு. வெளிச்சம் இருக்கும்வரை மீன் ஒளிவிடத்தை விட்டு வராது. வெளியே வராத மீன் சாப்பிடாது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. ஹாலின் நடுவில் வைக்காமல், மாலைக்குப் பிறகு ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் குறையும் மூலையைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியின் பின்பக்கத்துக்கும் இரு பக்கவாட்டுக்கும் கறுப்புக் கடதாசி ஒட்டுங்கள். தொட்டி விளக்கை ஒரு டைமர் பிளக்கில் மாட்டி மாலை ஆறரைக்கெல்லாம் அணையும்படி வையுங்கள். உள்ளே ஆளுக்கொரு ஒளிவிடம் வேண்டும். துளையிட்ட சிரட்டையும், ஓரம் உடைத்துத் தேய்த்த சிறு மண்சட்டியும் கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகைகளைவிட நன்றாக உதவும். சிரட்டையை நாலைந்து முறை தண்ணீர் மாற்றி அவித்து, எண்ணெய்ப் படலம் போன பிறகே போட வேண்டும். தானாக உதிர்ந்து காய்ந்த கொட்டங்காய் இலைகளைக் கழுவித் தரையில் பரப்பினால் மீனுக்கு நிழலும் கிடைக்கும், தண்ணீரும் ஓடைத் தண்ணீர்போல இளம் பழுப்பாகும். வாகனப் புகை படியும் வீதியோர மரத்து இலை மட்டும் வேண்டாம்.

விளக்கணைத்து அரைமணி நேரம் கழித்து, மங்கலான சிவப்பு எல்ஈடி வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிவப்பு ஒளி இவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. முதலில் சிரட்டையின் துளைக்கு வெளியே இரண்டு நீண்ட மீசைகள் மட்டும் நீளும். அவை முன்னும் பக்கமுமாக மெல்ல அசையும். பிறகு தட்டையான தலை வரும். அங்கேயே கொஞ்சம் நிற்கும். உடல் முழுவதும் வெளியே வந்ததும் மணலை ஒட்டி நீந்தத் தொடங்கும். தாடையின் கீழிருக்கும் குட்டை மீசைகள் மணலைத் தொட்டுத் தொட்டுப் போகும். இரைக்கு ஒரு சாண் தூரத்தில் வரும்போது மீன் திடீரென்று நிற்பதையும், தலையைத் திருப்புவதையும், நேராகப் போய் அதன்மேல் வாயை வைப்பதையும் பார்க்கலாம். கண்ணை அது பெரிதாக நம்புவதில்லை. பகல் முழுக்க அசையாமல் கிடந்த மீனா இது என்று தோன்றும். இந்த அரைமணி நேரத்துக்காகவே இந்த மீனை வளர்க்கலாம் என்று நான் மனமாரச் சொல்வேன்.

இந்த நடத்தைக்குப் பின்னால் இருக்கும் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பில் பாதி தானாகப் புரிந்துவிடும். மிஸ்டஸ் கெளிறுக்கு நான்கு சோடி மீசை. மீசையில் மட்டுமில்லாமல் உடல் தோலிலும் சுவை மொட்டுகள் பரவியிருக்கின்றன. மற்ற உயிர்களின் உடலிலிருந்து எழும் மிகச் சிறிய மின்புலத்தை உணரும் நுண்ணுறுப்புகளும் கெளிறு வகைகளின் தோலில் உண்டு. செதில் கிடையாது. இதிலிருந்து வரும் முதல் முடிவு தரையைப் பற்றியது. உடைத்த கருங்கல் துண்டும் கூரான சரளையும் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கும். நன்றாக அலசிய மெல்லிய ஆற்று மணலே போதும். வெள்ளவத்தைக் கடற்கரை மணலை இலவசம் என்று அள்ளிவரக் கூடாது. அதிலுள்ள சிப்பித் துகள் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், ஈரவலயத்து ஓடை நீரோ மென்மையானது. மணலில் அழுக்குச் சேர்ந்தாலும் மீசை அழுகிக் குட்டையாகும். இந்த மீனின் சுகத்தை அறிய மீசையின் நீளத்தைப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரண்டாவது முடிவு மருந்தைப் பற்றியது. செதில் இல்லாத தோல் மருந்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். செப்பு கலந்த மருந்து, ஃபோர்மலின், மலகைட் கிரீன் ஆகியவற்றைப் போத்தலில் எழுதிய அளவுக்கே ஊற்றினால் நோய்க்கு முன்பே மீன் போய்விடலாம். பாதி அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். எதற்கெடுத்தாலும் ஒரு பிடி கல்லுப்புப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஓடைக் கெளிறுக்கு அது வேண்டியதில்லை. இன்னொன்று ஒலி. கெளிறு வகைகளில் நீந்துபையையும் உட்காதையையும் ஒரு சிறு எலும்புத் தொடர் இணைக்கிறது. அதனால் அதிர்வு இவற்றுக்கு மிகத் தெளிவாகக் கேட்கும். எயார் பம்பை ஒரு ஸ்பொஞ்சின் மேல் வையுங்கள், ஸ்பீக்கரைத் தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.

மூச்சு விஷயத்தில்தான் கொழும்பு உண்மையிலேயே கடினமான ஊர். நன்னீர் 24 பாகையில் லீற்றருக்கு ஏறக்குறைய 8.4 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும், 30 பாகையில் 7.6 மட்டுமே. தண்ணீர் சூடாகும்போது மீனின் உடல் கேட்கும் ஒட்சிசனோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மூடிய அறையில் இருக்கும் தொட்டி 30 பாகையைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். இதோடு இரவும் சேர்கிறது. பகலில் ஒட்சிசன் தந்த நீர்த்தாவரங்கள் இருட்டில் அதை எடுத்துக்கொள்ளும். பில்டரில் இருக்கும் பக்டீரியாக்கள் எந்நேரமும் எடுத்துக்கொண்டே இருக்கும். ஆக விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. பகல் மீன்கள் அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். கெளிறு இரவு முழுவதும் ஓடியாடிக் களைத்திருக்கும். "சத்தமாக இருக்கிறது" என்று இரவில் எயார் பம்பை நிறுத்துகிற வீடுகள் நிறைய உண்டு. பகலில் நிறுத்தினாலாவது பரவாயில்லை, இரவில் நிறுத்தவே கூடாது. செவுள் வேகமாக அடிக்கிறதா, மீன் மேல்மட்டத்தில் தொங்குகிறதா என்று அதிகாலையில் ஒருமுறை பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும்.

இரண்டு அடித் தொட்டிக்கு எயார் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர் ஒன்று, கூடவே தனியாக ஒரு குமிழிக் கல், இது போதுமானது. கண்ணாடி மூடிக்குப் பதிலாக வலை மூடி போட்டு, நீர்மட்டத்தின் மேல் ஒரு சின்ன விசிறியைத் திருப்பி வைத்தால் ஆவியாதலால் ஓரிரு பாகை குறையும். மூடியே இல்லாமல் விடாதீர்கள், இரவில் பாயும். மின்வெட்டையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் அதைத் தாங்கியிருக்கும், ஓடைக் கெளிறுக்கு அது முடியாத காரியம். யூஎஸ்பியில் ஓடும் சிறு எயார் பம்பும் ஒரு பவர் பேங்கும் வீட்டில் இருக்க வேண்டும். அதுவும் இல்லாத நேரத்தில் ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது பலன் தரும். மின்சாரம் வரும்வரை தீனி போடாமல் இருப்பதும் ஒட்சிசனை மிச்சப்படுத்தும்.

எயார் பம்பைப் பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். அது அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொழும்பில் இரவு என்றால் நுளம்புச் சுருள், பிளக்கில் மாட்டும் திரவம், ஸ்பிரே. இவற்றில் வழக்கமாக இருக்கும் பைரித்ரொயிட் வகை இரசாயனம் மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு நஞ்சு. சுருளைப் பம்புக்குப் பக்கத்தில் கொளுத்தி வைத்தால் அதைத் தொட்டிக்குள் ஊற்றுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தொட்டி இருக்கும் அறையில் நுளம்பு வலையைப் பயன்படுத்துங்கள். டெங்குக்காகத் தெருவில் புகையடிக்க வரும்போது பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை கலைந்ததும் மீண்டும் போடுங்கள்.

பைப் தண்ணீர் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் தண்ணீர் குளோரின் கலந்து நம் வீட்டுக்கு வருகிறது. ஒரு நாள் வாளியில் காற்றோட்டத்தோடு வைத்தோ, அன்டி-குளோரின் விட்டோதான் ஊற்ற வேண்டும். பலர் கவனிக்காதது அதன் சூடு. மொட்டைமாடித் தாங்கியில் மத்தியானம் வரை வெயிலில் கிடந்த தண்ணீர் குழாயைத் திறந்தால் கையிலேயே சுடும். அதைக்கொண்டு தண்ணீர் மாற்றினால் ஒரே அடியில் தொட்டியின் வெப்பம் ஏறும். காலையில் மாற்றுங்கள், வாரத்துக்குக் கால்வாசி போதும். புதுத் தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பக்டீரியா நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். அதற்கு முன் கெளிறை விடுவது அமோனியாவில் விடுவதுதான்.

தீனி. மாலையில் மேலே தூவும் மிதவைத் தீனி முழுவதையும் பகல் மீன்கள் தின்றுவிடும், கெளிறுக்கு ஒன்றும் மிஞ்சாது. "மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொள்ளும்" என்ற எண்ணம்தான் இவற்றைப் பட்டினி போடுகிறது. மற்ற மீன்களுக்கு மாலையில் கொடுத்துவிட்டு, விளக்கணைந்து அரைமணி கழித்து, கெளிறின் ஒளிவிடத்துக்குப் பக்கத்தில் மூழ்கும் குருணைத் தீனியோ, நறுக்கிய மண்புழுவோ, பொடியாக அரிந்த இறாலோ போட வேண்டும். கடையில் விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை இவை விரும்பித் தின்னும். ஆனால் அது அழுக்குச் சேற்றில் வளர்வது, நன்றாக அலசாமல் கொடுக்கக் கூடாது. நுளம்புக் குடம்பி மிகச் சிறந்த இரைதான், ஆனாலும் அதற்காக மாடியில் வாளித் தண்ணீரை வைத்து வளர்க்காதீர்கள். நுளம்புப் பெருக்கத் தடுப்புக்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், டெங்கு உயிர் குடிக்கும் ஊரில் அந்தச் சட்டம் சரியானதும்கூட. மீன் வயிறாரச் சாப்பிட்டதா என்று அறிய மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் உடல் உள்வாங்கிக் குறுகியிருந்தால் பட்டினி. கடையில் வாங்கும்போதே இதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே கெளிறைத் தனியாக வைத்தால் ஒளிந்தே கிடக்கும். ஐந்தாறு சேர்ந்து இருந்தால் துணிச்சல் வரும். கூட வைக்கும் மீன்கள் கெளிறின் வாய்க்கு அடங்காத அளவில் இருக்க வேண்டும். நியோன் டெட்ரா இரவில் அசையாமல் தூங்கும்போது காணாமல் போனால் அதைக் கெளிறின் குற்றம் என்று சொல்ல முடியாது. 1929இல் விலங்கியலாளர் தெரணியகல விவரித்த, இலங்கை ஈரவலயத்து ஓடைகளுக்கே உரிய செரி பார்ப் நன்கு வளர்ந்த பருவத்தில் அங்குட்டாவோடு நன்றாகப் பொருந்தும். பண்ணையில் பெருக்கிய செரி பார்ப் எளிதாகக் கிடைக்கிறது. கெளிறின் கதை அப்படி இல்லை, கடைக்கு வருபவை பெரும்பாலும் ஓடையில் பிடித்தவை. அதனால் வேண்டிய எண்ணிக்கைக்கு ஒன்றுகூடக் கூடுதலாக வாங்காதீர்கள். தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட நன்னீர் மீன்களும் உண்டு, சிங்கராஜ போன்ற காப்பு வனங்களுக்குள் எதையும் பிடிக்கவே கூடாது. அவிசாவளைப் பக்கம் விடுமுறைக்குப் போகும்போது ஓடையில் வலை போடும் ஆசை வந்தால், முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

வளர்த்தது போதும் என்று தோன்றினால் கடைக்கோ இன்னொரு வளர்ப்பாளருக்கோ கொடுங்கள். பேர வாவியிலோ தியவன்னாவிலோ விடாதீர்கள். தொட்டிகளிலிருந்து போன நைஃப் பிஷ் இன்று கொழும்பைச் சுற்றிய நீர்நிலைகளில் குடியேறி நாட்டு மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. டேங்க் கிளீனர் என்று நாம் வாங்கும் தென்னமெரிக்கக் கெளிறும் இங்கே ஆறு, குளங்களில் பெருகிவிட்டது.

இடம் மாற்றும்போது கைவலையைப் பயன்படுத்தாதீர்கள். முதுகுத் துடுப்பிலும் இரு மார்புத் துடுப்புகளிலும் உள்ள முள்ளைக் கெளிறு விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலைக் கண்ணில் அது சிக்கினால் வலையை வெட்டித்தான் மீனை எடுக்க வேண்டிவரும். வாயகன்ற போத்தலைத் தண்ணீருக்குள் சரித்துப் பிடித்து, பின்னாலிருந்து மெல்ல ஓட்டினால் தானாக உள்ளே போகும். கையில் முள் குத்தினால் நஞ்சு காரணமாக வலி கடுமையாக இருக்கும். காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகையைத் தாண்டாத வெந்நீரில், வலி தணியும்வரை கையை வைத்திருங்கள். அரைமணி முதல் ஒன்றரை மணிநேரம் வரை ஆகலாம். முள் உள்ளே முறிந்திருந்தாலோ, அடுத்த நாள் வீக்கம் கூடினாலோ வைத்தியரிடம் போங்கள், ஏற்புத் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.